அல்பெரிக்கின் பங்கு

செஞ்சி மாதா கோயில் உபதேசியார் லூர்துநாதனைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஊரில் நாலு பேர் இருந்தார்கள் என்றால், அவருடைய வீம்பைப் பற்றிச் சொல்ல நாற்பது பேர் இருந்தார்கள். எதிரே முட்டுகிற மாடு வந்தால்கூட மாடுதான் ஒதுங்க வேண்டும், மனுஷன் ஒதுங்க மாட்டார். ஆனால் அவர் வெள்ளை மடத்துக் கதையை எடுத்துவிட்டார் என்றால் அந்த நாற்பது பேரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

வெள்ளை மடம் செஞ்சியில் இல்லை. அது பிரான்சு தேசத்தில், ஒரு பட்டணத்தின் நட்டநடுவில் இருந்தது. பட்டணத்தின் பெயர் இங்கே யார் வாயிலும் நுழையவில்லை. மடத்துத் துறவிகள் சிஸ்தர்சியன் சபைக்காரர்கள், வெள்ளை அங்கி போடுகிறவர்கள். அதனால் வெள்ளை மடம் என்றே சொல்லிவிட்டார்கள். செஞ்சிக் கோயிலில் இருபத்தெட்டு வருஷம் இருந்த பெரிய சாமி அந்தப் பட்டணத்துக்காரர், மடத்து மதிலுக்கு எதிர்வீட்டில் பிறந்தவர். அவர் சொல்லச் சொல்லக் கேட்டு, கடைசியில் சாமியைவிட லூர்துநாதன்தான் அதை நன்றாகச் சொன்னார்.

"எண்ணூறு வருசத்துக்கு முந்தி," என்று ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேசம் முடிந்ததும் ஆரம்பிப்பார். "பன்னெண்டு துறவிங்க, ஒரு பெரியவரு. பட்டணத்துக்கு வெளிய ஆத்தோரம் வந்து நிக்கறாங்க. எங்க பாத்தாலும் சேறு. கொசுகூட குடியிருக்க யோசிக்கிற எடம். இதுல இன்னா வெளையும்னு எல்லாரும் பெரியவரு மூஞ்சியப் பாக்கறாங்க. அந்தப் பன்னெண்டுல அல்பெரிக்குன்னு ஒருத்தர். அவர் ஒண்ணும் சொல்லல. அங்கிய இழுத்துச் சொருவிக்கினு சேத்துல எறங்கிட்டாரு. மொதக் கால்வா அவர் வெட்டினது. இன்னிக்கும் அதுல தண்ணி ஓடுது."

"ஏன் ஒண்ணும் சொல்லல?" என்று யாராவது கேட்க வேண்டும். கேட்பார்கள்.

"அந்த மடத்துல பேசவே கூடாதுய்யா. உப்பு வேணும்னா வெரலால ஜாடைதான்."

"அந்த மடத்துல உங்களச் சேத்துக்க மாட்டாங்க உபதேசியாரே," என்பான் பாவாடை. கோட்டைப் பக்கம் கல் உடைத்துக்கொண்டிருந்தவன், சில்லுத் தெறித்து ஒரு கண்ணும், பிறகு மற்றதும் போய்விட்டது. வேதத்தில் சேர்ந்த கிறிஸ்தவன் இல்லை, ஆனாலும் கதை கேட்க வந்துவிடுவான்.

கதை நீளும். பட்டணம் வளர்ந்து வளர்ந்து மடத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. கொள்ளைநோய் வந்து அறுபது துறவிகளில் ஒன்பது பேர்தான் மிஞ்சினார்கள், மணியடிப்பது மட்டும் ஒரு வேளை நிற்கவில்லை. பிறகு ராஜாவின் தலையை வாங்கிய கலகம் வந்தது. துறவிகளைத் துரத்திவிட்டு, கோயிலுக்குள் குதிரைகளைக் கட்டினார்கள். தூணையும் கல்லையும் பெயர்த்துப் பாலம் கட்ட விற்றார்கள்.

இந்த இடத்தில் பாவாடை உச்சுக் கொட்டுவான். "நம்ம வெங்கட்ரமணர் கோயில் தூண வண்டி வண்டியா பாண்டிச்சேரிக்கு ஏத்திக்கினு போவல? கல்லுன்னா எல்லாருக்கும் எளப்பந்தான்."

"ஆனா திரும்பி வந்தாங்களே!" என்று லூர்துநாதன் தொடையைத் தட்டுவார். "நூறு வருசம் கழிச்சு ஆறே பேரு. ஒத்தச் சுவர்தான் மிச்சம். அத்த வெச்சே மறுபடி கட்டிட்டாங்க."

அந்த மடத்தில் ஒரு வழக்கம். துறவி ஒருவர் இறந்தால், சாப்பாட்டு மேசையில் அவர் இடத்தில் ஒரு சிறு மரச் சிலுவையை வைத்து, முப்பது நாளும் அவர் பங்கைக் குறைவில்லாமல் பரிமாறுவார்கள். பிறகு அதை எடுத்துப்போய் வாசலில் நிற்கும் ஓர் ஏழைக்குக் கொடுப்பார்கள். சாப்பிடுகிறவன் ஏழை, புண்ணியம் செத்தவர் ஆத்துமாவுக்கு. பெரிய சாமி இதைச் செஞ்சிக்கும் கொண்டுவந்தார். மடத்திலிருந்து கறுப்புக் கரை போட்ட மரண அட்டை வரும். பெயர், வயது, மடத்தில் சேர்ந்த வருஷம், இறந்த நாள், அவ்வளவுதான் லத்தீனில் இருக்கும். பூசையில் உபதேசியார் அதை வாசிப்பார். ஏதாவது ஒரு வீடு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு முப்பது நாள் பங்கு போடும். மாட்டுப்பொங்கலுக்கு மாடு குளிப்பாட்டுகிற மாதிரி அது இந்த ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. பிரான்சு தேசத்துத் துறவிகளுக்கு செஞ்சியில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும்!

இப்படி ஊருக்கெல்லாம் கதை சொன்னவர் வீட்டுக்குள்ளேயே ஒருத்தன் அதை நிஜமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். லூர்துநாதனுக்கும் சவரியம்மாளுக்கும் ஒரே பிள்ளை காஸ்பர். லூர்துநாதனின் தகப்பன் பெயர் அது. பத்தொன்பது வயதில், பெண் பார்க்கலாம் என்று பேச்செடுத்தபோது, "நான் வெள்ளை மடத்துக்குப் போறேன் நைனா," என்றான். பெரிய சாமி காகிதம் எழுதி ஏற்பாடு செய்தார். முப்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் கப்பல் ஏறினான்.

லூர்துநாதன் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சாமி பக்கத்தில் நிற்கும்போது உபதேசியார் எப்படி வேண்டாம் என்பார்? உள்ளுக்குள்தான் வெந்தார்.

மடத்தில் வருஷத்துக்கு நாலு கடுதாசிதான் போடலாம். நாற்பதாம் வருஷம் ஈஸ்டருக்கு வந்தது கடைசிக் கடுதாசி. எழுதப் படிக்கத் தெரியாத சவரியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, லூர்துநாதன் வாசித்தார். பாதியில் நிறுத்தினார்.

"இன்னாங்க? அப்பால?"

"அவ்ளோதான். நல்லா இருக்கறானாம். உன்ன வெசாரிச்சிருக்கான்."

அவ்வளவு இல்லை. மடத்தில் அவனுக்கு அங்கி போட்டுப் புதுப் பெயர் வைத்திருந்தார்கள். இனி காஸ்பர் என்ற பெயர் கிடையாது, அல்பெரிக் என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழேயும் நாலு வரி இருந்தது. அதன்மேல் அவர் அவசரமாகக் கண்ணை ஓட்டிவிட்டுக் கடுதாசியை மடித்துவிட்டார். கல்யாணம் வேண்டாம் என்றான், காணி வேண்டாம் என்றான், இப்போது என் அப்பன் பெயரும் வேண்டாமா? அன்றைக்கே பதில் எழுதினார். 'அல்பெரிக் என்று எனக்குப் பிள்ளை கிடையாது. காஸ்பர் என்று ஒருவன் இருந்தால் அவன் எழுதட்டும்.' இரண்டே வரி. எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டார். அந்தச் சாப்பாட்டைப் பிற்பாடு எத்தனை நாள் நினைத்தாரோ.

இரண்டு மாதத்தில் ஜெர்மன்காரன் பிரான்சுக்குள் நுழைந்துவிட்டான். தபால் நின்றது. மகன் எழுதாமல் இருப்பது சண்டையாலா, தன் இரண்டு வரியாலா என்று அவருக்குத் தெரியவில்லை. சவரியம்மாளிடம் சண்டை என்றார். நாற்பத்திரண்டில் பெரிய சாமியும் போய்ச் சேர்ந்தார். புதுப் பெயர் தெரிந்திருந்த இன்னொரு ஆள் அவர்தான்.

சவரியம்மாள் வருஷாவருஷம் உப்பு நார்த்தங்காய் போட்டாள். காஸ்பருக்கு அது இருந்தால் போதும், வெறும் கஞ்சியைக்கூட இரண்டு கும்பா குடிப்பான். பழைய ஜாடியை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் புது ஜாடியை அவனுக்கென்று பரணில் வைப்பாள். "திடுதிப்புனு வந்து நின்னான்னா?" என்பாள். அவன் திரும்பி வருகிற மடமல்ல அது என்று எத்தனை முறை சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை.

நாற்பத்தாறாம் வருஷம், மாசி மாதம். ஊரில் அரிசிக்கு அடிபிடி, ரேஷனில் கொடுத்த கால்படியில் பாதி கல். அப்போதுதான் வெள்ளை மடத்திலிருந்து தபால் கட்டு வந்தது. புதுச் சாமியார் செபாஸ்தியான் லூர்துநாதனை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் கறுப்புக் கரை போட்ட ஏழு அட்டைகள் இருந்தன.

"மடம் போச்சு உபதேசியாரே," என்றார் சாமியார். "நாப்பத்திநாலுல பட்டணத்து மேல குண்டு போட்டிருக்காங்க. மணிக்கூண்டு கோயில் மேலயே சரிஞ்சிருக்குது. ஏழு பேர் அடியில. மடத்துப் பெரியவரும் அதுல ஒருத்தர். புத்தகம், விலாசம் எல்லாம் எரிஞ்சு போச்சாம். யாருக்குச் சொல்லி அனுப்பறதுன்னு தெரியாம, ஞாபகம் இருக்கிற கோயிலுங்களுக்கு மட்டும் அட்டை அனுப்பறோம்னு எழுதியிருக்காங்க."

எண்ணூறு வருஷம். சாமியார் ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் படித்தார். ஐந்தாவது அட்டை: அல்பெரிக், வயது இருபத்தைந்து, மடத்தில் சேர்ந்தது முப்பத்தெட்டு.

அறை அப்படியே இருந்தது. வெளியே யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள்.

"உங்க மகன் அங்கதானே இருக்கறாரு?" என்றார் சாமியார் மெதுவாக. "காஸ்பர்னு இதுல இல்ல. ஆனா அந்தச் சபையில பேர் மாத்துவாங்களே. அவருக்கு இன்னா பேர் வெச்சாங்க?"

"மாத்தல சாமி," என்றார் லூர்துநாதன். "அவன் காஸ்பர்தான்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆறு வருஷமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை, தானாக வந்து விழுந்தது. சாமியார் சிலுவைக் குறி போட்டு, "ஆண்டவர் காப்பாத்தினாரு," என்றார். அதற்குப் பிறகு அதை எப்படி விழுங்குவது?

செய்தி ஞாயிறுக்குள் ஊர் பூராவும் பரவிவிட்டது. அன்றைக்குக் கோயிலில் சவரியம்மாள் முன்வரிசையில் முழந்தாளிட்டு, முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். லூர்துநாதன் அட்டைகளில் பெயரையும் வயதையும் மட்டும் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. ஐந்தாவது பெயருக்கு முன்னால் இருமல் வந்த மாதிரி நிறுத்தினார். பிறகு ஏழையும் வாசித்து முடித்தார்.

காஸ்பர் என்ற பெயர் வரவில்லை. சவரியம்மாள் தலையைத் தரையில் வைத்து விம்மி விம்மி அழுதாள். பக்கத்துப் பெண்கள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

பங்கு எடுக்க யார் வருகிறீர்கள் என்று சாமியார் கேட்டார். யாரும் அசையவில்லை. தன் வயிற்றுக்கே இல்லாதபோது செத்தவர் வயிற்றுக்கு எங்கே போவது? முதலில் எழுந்தது சவரியம்மாள்.

"எம் புள்ளைய மாதா வுட்டுவெச்சிருக்கா சாமி. நான் ஒருத்தர எடுத்துக்கறேன். அந்த இருபத்தஞ்சு வயசுப் புள்ள. பேரு இன்னா சொன்னாரு? ஆங், அல்பெரிக்கு. கால்வா வெட்டினவரு பேரு. அய்யோ, பெத்தவ இன்னா ஆனாளோ."

லூர்துநாதன் பீடத்துக் கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. சொன்னால் அட்டையை மட்டும் சொல்ல முடியாது. மறைத்த பெயரைச் சொல்ல வேண்டும், அந்த இரண்டு வரியைச் சொல்ல வேண்டும்.

மறுநாளிலிருந்து மத்தியானம் உலை இறங்கியதும் அவள் முதல் பங்கை ஒரு பித்தளைத் தூக்கில் போட்டுக்கொண்டு, புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பாவாடையிடம் போனாள். தூக்கின்மேல் இரண்டு குச்சியைச் சிலுவையாகக் கட்டி வைத்திருந்தாள். "அல்பெரிக்கு ஆத்துமாவுக்கு," என்று சொல்லிக் கொடுப்பாள். பாவாடை இரண்டு கையாலும் வாங்கி, "அந்த வெள்ளக்காரப் புள்ள நல்லா இருக்கட்டும் தாயி," என்பான்.

முதல் பத்து நாள் சோறு. அப்புறம் ரேஷன் கடையில் கதவே திறக்கவில்லை. சோறு கூழாயிற்று, கூழ் தண்ணியாயிற்று. ஒரு நாள் அவள் தூக்கில் அரைக் கரண்டி ஊற்றிவிட்டு மூடினாள். லூர்துநாதன் தன் கும்பாவை எடுத்துவந்து அதில் அப்படியே கவிழ்த்தார்.

"இது இன்னா கூத்து? நீங்க இன்னாத்த குடிப்பீங்க?"

"எனக்குப் பசிக்கல."

"கண்ணு முழி உள்ள போயிடுச்சு, பசிக்கலயாம்! முகம் தெரியாத புள்ளைக்கு இவ்ளோ உருகறீங்க. பெத்த புள்ளைக்கு ஒரு கடுதாசி போட இன்னும் கை வரல."

அவள் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் தினமும் அவர் தன் பங்கில் பாதியைத் தூக்கில் ஊற்றினார். அவளும் திட்டித் திட்டி ஓய்ந்தாள்.

இருபத்திரண்டாம் நாள் அவர் வயலிலிருந்து வரும்போது புளியமரத்தடியில் இரண்டு பேரும் இருந்தார்கள். பாவாடை கூழை வாயில் வைத்துவிட்டு, "உப்பு சப்பு இல்லாம எறங்க மாட்டேங்குது தாயி. உங்க வூட்ல நார்த்தங்கா இருக்குதுன்னு சொல்வாங்களே, ஒரு துண்டு இருந்தா..." என்றான்.

"ஐய, அது எம் புள்ளைக்கு வெச்சது," என்றாள் சவரியம்மாள். "அத்த மட்டும் கேக்காத. அவன் வந்தா இன்னாத்தக் குடுப்பேன்?"

லூர்துநாதன் நின்ற இடத்திலேயே நின்றார். அவள் திரும்பிப் பார்த்து, "இன்னா வெயில்ல நிக்கறீங்க, வாங்க," என்று முன்னால் நடந்தாள். அவர் பின்னால் நடந்தார். அன்று ராத்திரி சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார், சொல்லவில்லை. எட்டு நாள் அப்படியே போயிற்று.

முப்பதாம் நாள் பங்கு கொடுத்துவிட்டு வந்து, தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சவரியம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு காகிதத்தையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். முகம் தெளிவாக இருந்தது, ஒரு கடமை முடிந்த தெளிவு.

"அந்தப் புள்ளைக்கு முடிஞ்சுது. இனிமே நம்ம புள்ள. தபால் போவுதுன்னு சாமியாரு சொன்னாரு. எழுதுங்க, நான் சொல்றேன்."

அவர் பேனாவை எடுத்தார். 'அன்புள்ள மகன் காஸ்பருக்கு' என்று எழுதினார்.

"அம்மா நல்லா இருக்கறேன். நைனாவுக்குத்தான் ஒடம்பு எளைச்சுப் போச்சு. உங்க மடம் இடிஞ்சுதுன்னு கேட்டு உசுரே போச்சு. உம் பேரு இல்லன்னதும் தலைய தரையில வெச்சு அழுதேன். எழுதறீங்களா? உங்கூட இருந்த அல்பெரிக்குங்கற புள்ளைக்கு நம்ம வூட்லதான் பங்கு போட்டேன். உனக்கு அவனத் தெரிஞ்சிருக்கும். அரிசி கெடைக்கல, அப்பப்ப கொறைச்சுதான் ஊத்தினேன். அவன் கோச்சிக்க மாட்டான். பாவாடை ஒரு நாளு நார்த்தங்கா கேட்டான். நான் தரல. அது உனக்கு வெச்சது, அப்படியே இருக்குது." அவள் நிறுத்தி எட்டிப் பார்த்தாள். எழுத்து தெரியாவிட்டாலும் ஒரு வரிக்குமேல் இல்லை என்று தெரிந்தது. "இன்னாங்க, எழுதலியா?"

"சவரி."

"இன்னா?"

"அந்த அல்பெரிக்கு..." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவன்தான் சவரி. நம்ம காஸ்பர்தான்."

அவளுக்கு விளங்கவில்லை. அவர் எழுந்துபோய்ப் பெட்டியின் அடியிலிருந்து அந்தக் கடுதாசியை எடுத்துவந்தார். ஆறு வருஷம் கழித்து, இந்தத் தடவை முழுசாக வாசித்தார்.

'நைனா, இனி எனக்குக் காஸ்பர் என்ற பெயர் இல்லை, அல்பெரிக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நானே கேட்டு வாங்கினேன். நீங்கள் கதை சொல்லும்போது அந்தக் கால்வாய் வெட்டியவர் வந்தால் உங்கள் முகமே மாறிவிடும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டால் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், இங்கே எல்லாம் கிடைக்கிறது, அவள் நார்த்தங்காய் மட்டும் கிடைக்கவில்லை.'

பிறகு தான் எழுதிய இரண்டு வரியையும் சொன்னார். மறைக்கவில்லை. சொல்லும்போது அவருக்குத் தன் குரலே அருவருப்பாக இருந்தது.

சவரியம்மாள் மாரில் அடித்துக்கொள்ளவில்லை. அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பார்.

"அவன் அத்தப் படிச்சானா?"

"தெரியல சவரி. அதுக்குள்ள தபால் நின்னிருக்கலாம். தெரியல."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவரை 'நீங்க' என்பதைத் தவிர வேறு சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"அரைக் கரண்டி ஊத்தனேனே, பாத்துக்கினுதானே இருந்த," என்றாள். "நார்த்தங்கா இல்லன்னு சொன்னேனே. அப்ப நீ அங்கதானே நின்ன."

அவள் எழுந்தாள். முக்காலியைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து ஜாடியை இறக்கினாள். வேடு கட்டிய துணியை அவிழ்க்காமல் அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பில்லாமல் வெயிலில் இறங்கி நடந்தாள். லூர்துநாதன் பின்னால் போனார். பக்கத்தில் போகத் தைரியம் வரவில்லை.

காலடிச் சத்தத்தில் பாவாடை தலையைத் தூக்கினான். "யாரு, தாயியா? இன்னிக்கு ஆயிடுச்சே. முப்பது நாளும் முடிஞ்சுதுன்னு சொன்னியே."

அவள் அவன் எதிரில் மண்ணில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள். ஒரு முழு நார்த்தங்காயை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் விரலால் தடவிப் பார்த்தான், மோந்து பார்த்தான்.

"இது உம் புள்ளைக்கு வெச்சதாச்சே தாயி."

"ஆமா," என்றாள் சவரியம்மாள். "எம் புள்ளைக்குத்தான். சாப்புடு."